ஏழாம் வகுப்பில் பெரட்டு

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். இதை மறைத்துப் பிரயோசனமில்லை, என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகள் எடுத்து, மழை வருவதை வானொலிக்கு முன்னால் முழங்கால் சொல்லும் வயதுக்கு வந்த பிறகும் அது குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் பாத்தியில் முட்டைக்கோவா என்னுடையதை விடப் பெரிதாக விளைந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. (என்னமோ ஒரு உரம் போடுறா, என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா.) ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. வாழ்க்கையில் நான் முழுமூச்சாகப் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அவளுடைய புடவையைப் பார்த்தோ கூந்தலைப் பார்த்தோ அல்ல. அவள் வகுப்புத் தொடங்குகிற முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்து.

அவள் பெயர் செல்வமணி. ஐம்பதுகளின் பிற்பகுதியில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ராகலைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் உதவி ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். தோட்டப் பள்ளிக்கூடங்கள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மலை இறங்கி மலை ஏறி எங்களிடம் வந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீள மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தட்டி, அவ்வளவுதான். ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவு அவளுக்கு, ‘ஆ’ பிரிவு எனக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கமும் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். பெரியப்பா மகள் அந்தப் பக்கம் இருந்தால் சித்தப்பா மகள் இந்தப் பக்கம். ஆகவே எனக்கு வாய்த்த பிள்ளைகள் மோசம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

என் வகுப்புத் தொடங்கும் லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மணி அடிக்கும். நான் உள்ளே போவேன். ஒரு ஜீவன் என்னைத் திரும்பிப் பார்க்காது. தலையில் போட்டு வந்த நனைந்த சாக்கை உதறுகிறவன் உதறிக்கொண்டிருப்பான். ரொட்டி தின்கிறவள் தின்றுகொண்டிருப்பாள். ஒரு பென்சிலுக்காக இரண்டு பேர் கட்டிப் புரள்வார்கள். “சைலன்ஸ்” என்பேன். பிரம்பால் மேசையைத் தட்டுவேன். பிறகு இடாப்பைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். பன்னிரண்டாவது பேருக்கு நான் வருவதற்குள் முதல் பதினொரு பேரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கியிருப்பார்கள். நாற்பது நிமிடப் பாடத்தில் இருபது நிமிடம் இதற்கே போகும். மத்தியானத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துக் குடித்து என் மேலெல்லாம் இஞ்சி வாசம் அடித்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே வராது. கொஞ்சம் சத்தம் வந்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆரம்பத்தில் அவள் வகுப்பில் பிள்ளைகளே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் தாங்க முடியாமல், தட்டியில் கணு உதிர்ந்துபோய் ஒரு ஓட்டை இருந்ததே, அதில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். (ஆசிரியை செய்யுற வேலையான்னு கேக்காதீங்க. செஞ்சேன்.)

மணி அடிப்பதற்கு முன்பே அவள் வாசலில் போய் நின்றிருந்தாள். வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முனியாண்டி, பசு கன்னு போட்டிருச்சா? காமாட்சி, இருமல் விட்டிருச்சா? பிள்ளையும் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போகும். உள்ளே கரும்பலகையில் முன்கூட்டியே ஒரு கணக்கு எழுதிக் கிடந்தது. ‘உன் லயத்தில் எத்தனை காம்பரா? ஒரு காம்பராவுக்கு ஆறு பேர் என்றால் மொத்தம் எத்தனை பேர்?’ ஒருவரும் சொல்லாமலே பிள்ளைகள் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதும்போது அவள் வாயைத் திறக்காமல், காலியாக இருக்கிற இடங்களைப் பார்த்தே இடாப்பில் குறித்துக்கொண்டாள். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். மூன்று நிமிடம். இடாப்பைக் கூப்பிடாமல் இடாப்பு எடுக்கிற ஒரு பிறவியை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் காதில் புகை வந்தது.

போய் அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானாவது கேட்பதாவது. என் அப்பா இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவள். கணக்கப்பிள்ளை மகளுக்கு வராதது லயத்துப் பிள்ளைக்கு எப்படி வரும் என்றுதான் அன்றைக்கு என் புத்தி போயிற்று. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். போதாக்குறைக்கு நாங்கள் இரண்டு பேரும் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்கு மேலே ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவள் கூடப்பிறந்தவள் மாதிரி எனக்கு இஞ்சி தட்டிக் கொடுப்பாள். அதைக் குடித்துக்கொண்டே நான் அவள் மேல் எரிந்துகொண்டிருப்பேன்.

எரிந்ததோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. அந்த வருஷம் எங்கள் பாடசாலையிலிருந்து ஒரே ஒரு ஆளை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று தகவல் வந்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருஷம். போய் வந்தால் நிரந்தர வேலை. போக முடியாதவர் வேலை இன்றைக்குப் போகுமோ நாளைக்குப் போகுமோ என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற வித்தியாதரிசி நேரில் வந்து இரண்டு பேருடைய வகுப்பையும் பார்த்து, யார் என்று முடிவு சொல்வார் என்று பெரிய மாஸ்டர் சொன்னார். வீட்டில் அப்பாவோ வேறொரு முடிவு வைத்திருந்தார். பயிற்சிக்கு எடுபட்டால் படி, இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர். போட்டோவில் மீசை மட்டும்தான் தெரிந்தது.

இந்தக் கவலையோடு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் தோட்டத்துக்குப் போனேன். சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் தப்பு மேளச் சத்தம் கேட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதுதான் பெரட்டு, அதற்குக் கூப்பிடுகிற தப்பு. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் ஜன்னல் வழியாக ஒழுங்காகப் பார்த்தேன். பனிக்குள்ளே இருநூறு பேர் வந்து வரிசையாக நிற்கிறார்கள். அப்பா கோட்டும் குடையுமாக நின்று பேர் வாசிக்கிறார். இன்னார் இந்த மலைக்கு, இன்னார் அந்த மலைக்கு என்று பிரித்து விடுகிறார். பத்து நிமிடத்தில் களம் காலி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தேநீர் குடிக்க வந்த அப்பாவிடம், எப்படி ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

“சத்தம் போட்டா அரைப்பேரு. பிந்தி வந்தாலும் அரைப்பேரு. ரொம்பப் பிந்துனா அன்னைக்குப் பேரே இல்ல, வெரட்டி விட்ருவோம். அப்புறம் எப்புடிச் சத்தம் வரும்?”

பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அதற்குத்தான் சம்பளம். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதை ஏழாம் வகுப்புக்குக் கொண்டு போகலாம் என்ற மகத்தான யோசனை, ஆப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு உதித்தது. மறுநாள் பஸ்ஸில் வரும்போது, அருவி, ஆறு எதையும் பார்க்கவில்லை. செல்வமணி ஓட்டை வழியாக என் வகுப்பைப் பார்த்து வயிறெரிகிற காட்சியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டுத் தொடங்கியது. தப்புக்குப் பதிலாக ஒரு காலி பிஸ்கட் டின். மணி அடித்ததும் அதைப் பத்துத் தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் உட்காருகிற ஒவ்வொரு வாங்கு வரிசைக்கும் ஒரு மலை நம்பர் கொடுத்தேன். மலைக்கு ஒரு கங்காணி வைத்தேன். பேசினால், திரும்பிப் பார்த்தால், ஒரு நிமிடம் பிந்தினால் அரைப்பேர். அதை எழுதக் கரும்பலகையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். மூன்று அரைப்பேர் விழுந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாள் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இரண்டாம் மலைக் கங்காணி தன் அப்பாவின் கிழிந்த குடையைக் கொண்டுவந்து கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். இரண்டாம் நாள் சிரிப்புக் குறைந்தது. வெள்ளிக்கிழமை ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு நிமிடத்தில் வகுப்பு அடங்கியது. இன்னும் ஒரு நிமிடத்தைக் குறைத்தால் அவளைப் பிடித்துவிடலாம் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் அறையில் செல்வமணியிடம், அவள் கேட்காமலே, முழு விவரமும் சொன்னேன். மலை நம்பர், கங்காணி, பிஸ்கட் டின் எல்லாம். அவள் கொப்பி திருத்திக்கொண்டே கேட்டாள். அரைப்பேர் என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

“எங்க அம்மாவுக்கு நெறைய அரைப்பேரு விழுந்திருக்குங்க டீச்சர். அன்னைக்கெல்லாம் வீட்ல யாரும் யாரோடயும் பேச மாட்டோம். பாத்துப் போடுங்க.”

இவ்வளவுதான் சொன்னாள். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் புத்தி வந்திருக்கும். எனக்கு வந்தது ஆனந்தம். அடியம்மா, இவளுக்கு வயிறு எரிகிறது, முகத்தைப் பார் என்று மனசுக்குள் துள்ளினேன். அந்த வருஷத்திலேயே நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான், இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வித்தியாதரிசி வருகிறார் என்று கடிதம் வந்தது. நான் பெரட்டை இன்னும் இறுக்கினேன். அவர் வருவதற்கு முதல் நாள், புதன்கிழமை காலையில், டின் தட்டி ஓய்ந்து பத்து நிமிடத்துக்குப் பிறகு, பேச்சியம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஒல்லிப் பிள்ளை, அதிகம் பேசாத பிள்ளை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு அரைப்பேர், இரண்டும் பிந்தி வந்ததற்கு. ஏன் பிந்தினாய் என்று கேட்டேன். அம்மா பெரட்டுக்குப் போன பிறகு, கைக்குழந்தையாக இருக்கிற தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வர வேண்டுமாம். பிள்ளை பார்க்கும் ஆயா வருகிற வரைக்கும் காத்திருந்தாளாம். கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு, மூன்றாவது அரைப்பேரை எழுதி, “இன்னைக்கு உனக்குப் பேரு இல்ல, வீட்டுக்குப் போ” என்றேன். அப்பாவின் குரல் எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை, அச்சாக வந்தது.

அவள் நனைந்த சாக்கை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். வகுப்பில் ஒரு சத்தமில்லை. பார்த்தாயா ஒழுங்கை என்று நான் பூரித்துப் போனேன். மூன்றாம் வாங்கில் உட்கார்ந்திருந்த தெய்வானை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

வியாழக்கிழமை வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். மணி அடித்தது. டின்னைப் பத்துத் தட்டுத் தட்டினேன். ஒருவரும் வரவில்லை. இன்னும் பத்துத் தட்டினேன். பிறகு வெளியே எட்டிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு புல்மேடு உண்டு. தூறலுக்குள்ளே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, என் வகுப்பு முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தது. மலை மலையாக, வரிசை வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு. நடுவில் பேச்சியம்மா. அப்படி ஒரு அமைதி. ஒருவன் இருமவில்லை, ஒருத்தி திரும்பவில்லை. ஒரு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத ஒழுங்கு, என் கண் முன்னால் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நான் நியமித்த கங்காணிமார்கூட அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். கங்காணி ஸ்ட்ரைக்கில் சேர்ந்த அநியாயத்தை எந்தத் தோட்டத்திலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் செல்வமணியின் வகுப்பு வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தது. நான் மேட்டுக்கு ஓடினேன். உள்ளே வாங்க கண்ணுகளா என்றேன். சைலன்ஸ் என்று சொல்லிப் பழகிய வாய் அது, கண்ணுகளா என்பது அவ்வளவு நன்றாக வரவில்லை. தெய்வானை எழுந்து நின்றாள்.

“பேச்சியம்மாவுக்குப் பேரு போடாம நாங்க எறங்க மாட்டோம்ங்க டீச்சர்.”

“இன்னைக்குப் பெரிய ஐயா வர்றாருன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும்ங்க. அதனாலதான் இன்னைக்கு.”

கெஞ்சினேன், மிரட்டினேன். தலைவி பேசினால் மற்றவர்கள் பேசக்கூடாது என்பது அவர்கள் தோட்டத்தில் பார்த்த முறை. முப்பத்தேழு பேரும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் கீழே ரோட்டில் கார் வந்து நின்றது. பெரிய மாஸ்டர் குடை பிடிக்க, வித்தியாதரிசி நேராக மேட்டுக்கே ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தங்க பிரேம் கண்ணாடி, அமைதியான மனிதர்.

“என்ன பிள்ளை, ஏன் இந்தப் பிள்ளையள் மழைக்குள்ளை இருக்கினம்?” என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. “இயற்கைப் பாடம் ஐயா. மழையை நேரில பார்த்துப் படிக்கிறாங்க” என்றேன். இதைவிட நல்ல பொய்யை இன்றைக்கு வரைக்கும் நான் சொன்னதில்லை. அவர் நம்பியும் இருப்பார். ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்ன படிக்கிறீர்கள் என்று தெய்வானையைக் கேட்டுவிட்டார்.

“படிக்கலீங்க ஐயா. ஸ்ட்ரைக்கு.”

பெரிய மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பூமி பிளக்காதா என்று நான் கீழே பார்த்தேன், புல்தான் இருந்தது. வித்தியாதரிசி சிரிப்பை அடக்குவதற்காகக் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, கோரிக்கை எதுவும் இருக்கிறதா என்று முறையாக விசாரித்தார். தெய்வானை சட்டைக்குள்ளிருந்து கொப்பியில் கிழித்த ஒரு தாளை எடுத்தாள். அந்த நேரத்தில்தான் செல்வமணி தன் வகுப்பிலிருந்து மேடேறி வந்தாள். முடிந்தது, என் மானத்தை வாங்க இவளும் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“தெய்வானை, அத ஐயாகிட்டக் குடுக்கக் கூடாது. ஒங்க டீச்சர்கிட்ட குடு. பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இரண்டே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். நானாக இருந்தால் கட்டாயம் அதைத்தான் செய்திருப்பேன்.

தாள் என் கைக்கு வந்தது. பேச்சியம்மாவுக்குப் பேர் போட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அரைப்பேரை நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டும் நான் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதைத்தான் என்னால் உரக்க வாசிக்க முடியவில்லை. தெய்வானை அதை மனப்பாடமாக வைத்திருந்தாள், அவளே சொன்னாள்.

“அந்த வகுப்பு டீச்சர் மாதிரி எங்க டீச்சரும் வாசல்ல நின்னு எங்க பேரச் சொல்லிக் கூப்புடணும். எங்க வீட்டு ஆடு மாட்டப் பத்தியும் கேக்கணும்.”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒருத்தி, தட்டியில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். நான் இல்லாத நேரமெல்லாம் ஆள் மாற்றி ஆள் அதில் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மூன்று நிமிடத்தைப் பார்த்து வயிறெரிந்தது நான் ஒருத்தி மட்டுமல்ல, முப்பத்தொன்பது பேர். நான் அவளை மாதிரி ஆகவேண்டும் என்று துடித்தேன். அவர்கள் நான் அவளை மாதிரி வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றுக்கும் சரி என்றேன். வாய்ப்பேச்சு போதாது, எழுதிக் கையெழுத்து வேண்டும் என்றாள் தெய்வானை. வித்தியாதரிசி தன் பேனாவைக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே சாட்சி என்று எழுதி அவரும் போட்டார். பிள்ளைகள் வரிசை கலையாமல் எழுந்து போய், வகுப்பு வாசலில் நின்றார்கள். உள்ளே போகவில்லை. என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மூன்றாவது கோரிக்கை உடனே நிறைவேற வேண்டும்.

போய் வாசலில் நின்றேன். முதலில் தெய்வானை. “தெய்வானை” என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் வீட்டில் ஆடு இருக்கிறதா மாடு இருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. “சாப்புட்டியா?” என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். அடுத்தவனையும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அதற்கு அடுத்தவனையும். பின்னால் வித்தியாதரிசி குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது ஆள், அந்தக் கிழிந்த குடைக் கங்காணி, “வேற எதாச்சும் கேளுங்க டீச்சர்” என்றான். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ராகலைக் குளிரில் வேர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பேச்சியம்மா கடைசியாக வந்தாள். அவளைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது.

“பேச்சியம்மா, தம்பி அழாம இருந்துச்சா?”

“அழுதுச்சுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வித்தியாதரிசி இரண்டு வகுப்பையும் பார்த்துவிட்டு, பாடசாலைப் புத்தகத்தில் என்னைப் பற்றி ஒரே வரி எழுதினார். ‘ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் பிள்ளைகளின் ஒழுங்கு மிக நன்று, ஆசிரியை பழகிக்கொள்வார்.’ பயிற்சிக் கல்லூரிக்குச் செல்வமணி தெரிவானாள். வீட்டுக்குப் போய், வகுப்பில் பெரட்டு வைத்ததையும் பிள்ளைகள் ஸ்ட்ரைக் செய்ததையும் சொன்னேன். அப்பா, “எத்தனை நாளு நடந்துச்சு?” என்று கேட்டார். ஒரு காலைப் பொழுதோடு முடிந்தது என்றேன். “அம்புட்டுத்தானா? அப்ப நீ கெட்டிக்காரிதான்” என்றார். அவருக்கு ஒருமுறை பதினெட்டு நாள் நடந்ததாம்.

தை மாதம் மீசைக்காரரைக் கல்யாணம் செய்தேன். மீசைக்குப் பின்னால் நல்ல மனிதர்தான் இருந்தார், வேலைக்குப் போகக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து நானும் பயிற்சிக்குப் போனேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் மணி அடிக்க முன்னால் வாசலில் நின்றேன். ஆடு, மாடு, இருமல், கைக்குழந்தை எல்லாம் கேட்டேன். இருந்தாலும் நான்கு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் எனக்குக் கடைசி வரைக்கும் வாய்க்கவில்லை, அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

செல்வமணி யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட அன்று, அவளுடைய டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். அழுதேன். பிரிவுக்காக அழுகிறேன் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முக்கால்வாசி பொறாமை. அவளுக்கு அது தெரியும். பெட்டியை ஏற்றிவிட்டு, மிதிபலகையில் நின்றபடியே சொன்னாள்:

“அன்னைக்கு எனக்குந்தான் வயிறு எரிஞ்சுச்சு டீச்சர். மூணு நிமிசத்துல அடங்குற புள்ளைங்கதான் எனக்கு. நான் வேணும்னு கேட்டு எந்தப் புள்ளைங்க மழையில நனைஞ்சுச்சு?”

பஸ் புறப்பட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு அரைப்பேர்தான். மருமகன்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, முழுப்பேரா அரைப்பேரா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அரைப்பேர் கூடிப்போனால் பேரப்பிள்ளைகள் முற்றத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவர வேண்டும். தெய்வானை சொல்லிக்கொடுத்த முறை, இவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

போன தீபாவளிக்கும் செல்வமணி வந்தாள். இப்போது டீச்சர் போட்டுப் பேசுவதெல்லாம் இல்லை. ஒரு மணி நேரம் பிந்தி, மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டு, உனக்கு அரைப்பேர், உள்ளே விடமாட்டேன் என்றேன். அவளுக்கு விஷயம் தெரியும், வருஷா வருஷம் நடக்கிறதுதான்.

“அன்னைக்கு பஸ்ல சொன்னதச் சொன்னாத்தான் சோறு போடுவியா?”

“ஆமா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றுகொண்டார்கள். செல்வமணி மூச்சை இழுத்துக்கொண்டு, என் பேரைச் சொல்லியே, “ராஜேஸ்வரியப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுச்சு” என்று சத்தமாகச் சொன்னாள். நான் வழிவிட்டு, அவளுக்கு முழுப்பேர் போட்டேன்.